மான்தோல் என்று விற்கப்படுகிறவை: பக்ஸ்கின், ஷாமி, டோஸ்கின், ஸ்வேட், நுபக்

கேள்வி இது: கனடாவில் இருக்கும் அக்கா அனுப்பிய மொக்கசின் என்ற மென்தோல் சப்பாத்துச் சோடியின் அட்டையில் பக்ஸ்கின் என்று போட்டிருக்கிறது. பஞ்சிகாவத்தையில் கார் துடைக்க வாங்கிய மஞ்சள் துண்டில் ஷாமி என்று இருக்கிறது. வெள்ளவத்தையில் ஒரு கடைக்காரர் ஸ்வேட் சப்பாத்து ஒன்றைக் காட்டி அசல் மான்தோல் என்கிறார். தொட்டால் மூன்றும் ஒரே மாதிரி மெத்தென்று இருக்கின்றன. மூன்றும் ஒன்றா? கொழும்பு மழையில் நனைந்தால் என்ன ஆகும்?

ஒன்றில்லை தம்பி, மூன்றும் மூன்று சாமான். அந்தக் கார்த் துண்டு பிளாஸ்டிக் குழாய்க்குள் ஈரமாக வந்திருந்தால் அதில் எந்த மிருகமும் இல்லை, முழுக்கச் செயற்கைப் பொருள். சப்பாத்து அநேகமாக மாட்டுத்தோல். மொக்கசின் மட்டும்தான் மானாக இருக்க வாய்ப்புள்ளது, அதையும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். நான் கொட்டாஞ்சேனையில் தோல் வேலை செய்கிறவன். பையும் கையுறையும் தைப்பதோடு பழைய சாமான்களைத் திருத்தியும் கொடுக்கிறேன். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்கள் கொடுத்துவிட்டுப் போகிற தோல் சாமான்கள் கனக்க என் மேசைக்கு வருகின்றன, அதனால் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீட்டியே பதில் சொல்கிறேன்.

எந்த மெல்லிய தோலைக் கையில் எடுத்தாலும் மூன்று விஷயம் தெரிய வேண்டும். எந்த மிருகம், தோலின் எந்தப் பக்கம் வெளியே தெரிகிறது, எதைக்கொண்டு பதனிட்டார்கள். கடையில் சொல்லும் பெயர் இந்த மூன்றில் ஏதாவது ஒன்றைத்தான் சொல்லும், மற்ற இரண்டையும் மறைத்துவிடும். ஸ்வேட் என்றால் சதைப்பக்கம் வெளியே இருக்கிறது என்று தெரியும், மிருகம் தெரியாது. மான்தோல் என்றால் மிருகம் தெரியும், பதனிட்ட விதம் தெரியாது. நனைந்தால் என்ன ஆகும் என்ற உங்கள் கேள்விக்கான விடை பெரும்பாலும் அந்த மூன்றாவதில்தான் இருக்கிறது, கடைக்காரர்கள் வாயே திறக்காத விஷயமும் அதுதான்.

முதலில் தோல் எப்படி மெதுமையாகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு தானாக விளங்கும். தோல் என்பது கொலாஜன் என்ற புரதத்தின் நார்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பது. உயிரோடு இருக்கும்போது அந்த நார்களுக்கு நடுவில் நீரும் வழுவழுப்பான பொருட்களும் இருப்பதால் அவை வழுக்கி அசைகின்றன. உரித்த தோலை அப்படியே காயவிட்டால் நீர் போய், நார்கள் ஒன்றோடொன்று பசைபோட்டு ஒட்டிக்கொள்ளும். மத்தளத்திலும் பறையிலும் இழுத்துக் கட்டியிருப்பது அந்த நிலையில் உள்ள தோல்தான், தட்டினால் ஒலிக்கும், மடித்தால் வெடிக்கும். பதனிடுகிறவரின் வேலை அந்த நார்கள் திரும்ப ஒட்டாமல் பார்த்துக்கொள்வது. நார்களுக்கு நடுவே ஒரு பொருளைச் செலுத்தி, அது நீரில் கழுவிப் போகாதபடி பிடிப்பித்துவிட்டால் அது நிரந்தரமாகப் பதனிட்ட தோல். பிடிப்பிக்காமல் வெறும் எண்ணெயை மட்டும் ஏற்றியிருந்தால், ஒரு நல்ல மழையோடு பழையபடி விறைத்துவிடும்.

மான்தோலுக்கு இயல்பிலேயே ஒரு வசதி உண்டு. மாட்டுத்தோலின் நார்ப்பின்னல் நெருக்கமானது, மானுடையது தளர்வானது. முடி முளைக்கும் மேற்படலமும் மெல்லியது. அதனால் தடிப்பான மான்தோல்கூட மெல்லிய மாட்டுத்தோலைவிட நன்றாக வளையும், இழுத்தால் நீளும், விட்டால் ஓரளவு திரும்பி வரும். செம்மறியும் மெதுமைதான், ஆனால் அதன் மேற்படலத்துக்கும் கீழே உள்ள நார்ப்பகுதிக்கும் நடுவில் கொழுப்பு நிறைய இருப்பதால், பதனிட்ட பிறகு அந்த இடம் பொள்ளலாகி, கொஞ்சம் இழுத்தாலே இரண்டு படலமாகப் பிரியும். ஒரு கையுறையின் மேல்தோல் சுருங்கிச் சுருங்கி உரிகிறதென்றால் அது பெரும்பாலும் செம்மறி, மான் அப்படி உரியாது. மெதுமையும் உறுதியும் ஒரே தோலில் சேர்ந்து வருவது மான்தோலில்தான், அதற்காகத்தான் எனக்கு இந்தத் தோல்மேல் இத்தனை விருப்பம்.

சரி, பக்ஸ்கினுக்கு வருவோம், நீளமாகப் பேச வேண்டியது இதைப் பற்றித்தான். உண்மையான பக்ஸ்கின் வட அமெரிக்காவின் பூர்வகுடி மக்களுடைய முறை. முடியை மட்டும் எடுத்தால் போதாது, முடி முளைத்த மேற்படலத்தையும் முழுசாகச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். மரச்சாம்பல் கரைத்த நீரில் ஊறவைத்தால் அந்தப் படலம் உப்பிக்கொண்டு வரும், பிறகு ஒரு உருளைக் கட்டையின் மேல் போட்டு மழுங்கிய கத்தியால் தள்ளித் தள்ளி உரிப்பார்கள். பின்பு அந்த மிருகத்தின் மூளையையே வெந்நீரில் கரைத்துத் தோலுக்குள் ஏற்றுவார்கள். மூளையில் கொழுப்பும், கொழுப்பை நீரோடு கலக்கவைக்கும் லெசித்தினும் சேர்ந்து இருப்பதால் அது ஈரத்தோலுக்குள் இலகுவாகப் போகும். முட்டை மஞ்சள் கருவிலும் லெசித்தின் இருக்கிறது, அதனால் இன்று வீட்டில் செய்து பார்க்கிறவர்கள் கனபேர் மூளைக்குப் பதில் முட்டையைப் பாவிக்கிறார்கள்.

அடுத்த கட்டம்தான் ஆளைச் சாய்க்கும் வேலை. பிழிந்த தோலை, அது காய்ந்து முடியும்வரை நிறுத்தாமல் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நீளத்துக்கு, அகலத்துக்கு, மூலைக்கு மூலை, ஒரு கட்டையின் முனையில் போட்டு, இறுக்கிக் கட்டிய கயிற்றில் முன்னும் பின்னும் உரசி. இழுக்க இழுக்க ஈரத்தோலின் மங்கிய சாம்பல் நிறம் வெளுத்துக்கொண்டு வரும், நார்கள் பிரிந்து காற்று உள்ளே போவதால் அந்த வெண்மை. எங்கே நிறுத்துவது என்பதற்கு ஒரு சோதனை உண்டு: தோலைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பது. குளிர்ச்சி தெரிந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது, தொடர வேண்டும். கை ஓய்ந்துவிட்டது என்று ஒரு மூலையை அந்த ஈரத்தோடு விட்டால், அந்த மூலை மட்டும் காய்ந்து தகடாகிவிடும். அப்புறம் திரும்ப நனைத்து முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

இப்போது கையில் இருப்பது வெள்ளைத் தோல், அபாரமான மெதுமை. ஆனால் அது இன்னும் முழுமையாகப் பதனிட்ட தோல் ஆகவில்லை. மூளை செய்தது நார்களுக்கு எண்ணெய் போட்ட வேலைதான். நனைந்து காய்ந்தால் விறைக்கும். அதைப் பிடிப்பிப்பது புகை. தோலைப் பை மாதிரி மடித்துத் தைத்து, கீழே உளுத்துப்போன மரத்தை நெருப்பு எரியாமல் வெறுமனே புகையவிட்டு, அந்தப் புகையை உள்ளே நிரப்புவார்கள். புகையில் ஆல்டிஹைட் வகைச் சேர்மங்கள் இருக்கின்றன, அவை கொலாஜன் நார்களுக்கிடையே இரசாயனப் பிணைப்புப் போட்டுவிடும். அதற்குப் பிறகு தோல் நனைந்தாலும் கொஞ்சம் கசக்கினால் பழைய மெதுமைக்கு வந்துவிடும். எந்த மரம், எவ்வளவு நேரம் என்பதைப் பொறுத்து நிறம் வெளிர் மஞ்சளிலிருந்து தேன் நிறம், கடும் மண்ணிறம் வரை போகும். கனடாவின் வடபகுதிகளில் இதே முறையை மூஸ் என்ற பெரிய மானின் தோலில் செய்கிறார்கள். அது தடிப்பானது, மொக்கசினுக்கு அதைவிட நல்ல தோல் கிடையாது. உங்கள் அக்கா அனுப்பியது அங்குள்ள பூர்வகுடிப் பெண்கள் கையால் செய்ததாக இருந்தால் அது அநேகமாக மூஸ் தோலாக இருக்கும்.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், முதலில் மணந்து பாருங்கள். புகையிட்ட தோலில் விறகுப் புகை மணம் வருடக்கணக்காக நிற்கும், ஈரப்பட்டால் இன்னும் தூக்கலாக வரும். அடுத்து வெட்டு விளிம்பைப் பாருங்கள், கைபேசிக் கமராவைக் கிட்டப் பிடித்தாலே போதும். மேலே வழவழப்பான கோடாக எந்தப் படலமும் இருக்கக்கூடாது, மயிர்க்கால் துளைகள் தெரியக்கூடாது, இரண்டு பக்கமும் மென்நாராக இருக்க வேண்டும். ஆனால் இரண்டு பக்கமும் நாராக இருப்பதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள், மாட்டுத்தோலைக் கிடையாகப் பிளந்து எடுக்கிற மலிவான ஸ்வேட்டும் அப்படித்தான் இருக்கும். அதனால் மூன்றாவதாக வாயை வைத்து ஊதிப் பாருங்கள். மேற்படலம் போன, நார் பிரிந்த பக்ஸ்கினில் காற்று ஊடுருவி மறுபக்கம் கையில் படும். அதனால்தான் அதை உடுப்பாகத் தைத்துப் போட்டால் புழுங்குவதில்லை. கடைசியாக, கையால் செய்த தோலில் சுரண்டிய கத்தியின் மெல்லிய வரிகளும், சின்னத் துளைகளை உள்பக்கமாகத் தைத்து மூடிய இடங்களும் இருக்கும். அவற்றைக் குறையாக நினைக்க வேண்டாம்.

பக்ஸ்கின் என்ற பெயரில் கடைகளில் கிடைப்பதில் பெரும்பகுதி இதில்லை. மண்ணிறச் சாயம் போட்ட மாட்டு ஸ்வேட்டுக்கும் செம்மறி ஸ்வேட்டுக்கும் அந்தப் பெயரைப் போட்டு விற்கிறார்கள். விளிம்பைப் பார்த்தால் நடுவில் நீலச் சாம்பல் நிறம் ஒரு இழையாகத் தெரிந்தால் அது குரோமியத்தால் பதனிட்டது, புகையும் மூளையும் அந்தத் தோலின் பக்கமே போகவில்லை.

குரோமியம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. 1884-இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் அந்த முறைக்குக் காப்புரிமை பெற்றார், இன்று உலகில் பதனிடப்படும் தோலில் பெரும்பங்கு குரோம்தான். மான்தோல் என்று நேர்மையாக விற்கப்படும் கையுறை, கைப்பை, மென்சப்பாத்து எல்லாமே கிட்டத்தட்ட இந்த வகை. இதில் மேற்படலத்தை எடுப்பதில்லை, அதனால் வெளிப்பக்கம் வழவழப்பாக, மெல்லிய சுருக்க வரிகளோடு இருக்கும். தண்ணீரைத் தாங்கும், கொதிநிலைக்குக் கிட்டப் போனால்தான் சுருங்கும், நனைந்து காய்ந்தாலும் மெதுமை பெரிதாகக் குறையாது. வட அமெரிக்காவில் வேட்டைக்காரர்கள் சுடும் வெள்ளைவால் மானிலிருந்தும், நியூசிலாந்தில் 1970-களிலிருந்து பண்ணைகளில் வளர்க்கும் செம்மானிலிருந்தும் இந்தத் தோல் வருகிறது. இரண்டிலும் முதன்மை இறைச்சி, தோல் அதோடு சேர்ந்து கிடைப்பது. காட்டு மான் என்றால் முள் கீறிய தழும்பு, உண்ணி கடித்த புள்ளி, சண்டையில் பட்ட காயம் எல்லாம் தோலில் இருக்கும். தழும்பே இல்லாமல் ஒரே சீராக அச்சடித்ததுபோல் பளபளக்கும் "மான்தோல்" பையைக் கண்டால் நான் முதலில் சந்தேகப்படுவேன். வெள்ளைவால் மானின் ஒரு தோல் ஏழெட்டுச் சதுர அடி, மிஞ்சினால் பத்து. தடிப்பு ஒரு மில்லிமீற்றரைச் சுற்றி. பெரிய பயணப்பையின் ஒரு பக்கம் முழுக்க ஒட்டில்லாத ஒரே துண்டாக இருந்தால் அது மாடாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

அடுத்தது ஷாமி. ஐரோப்பாவில் அல்ப்ஸ் போன்ற மலைகளில் அந்தப் பெயரில் ஒரு மிருகம் இருக்கிறது, அது ஆட்டுக்கும் மாட்டுக்கும் சொந்தம், மான் குடும்பத்தில் சேராது. முன்பு அதன் தோலில் செய்தார்கள். இப்போது ஷாமி என்று விற்கப்படும் உண்மையான தோல் செம்மறி. 1991-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் தரவிதியே அதை மேற்படலம் நீக்கிய செம்மறித் தோல், கடல் எண்ணெயால் பதனிட்டது என்றுதான் வரையறுக்கிறது. மேலே நான் சொன்ன அந்தப் பொள்ளலான இடத்தில் செம்மறித் தோலைக் கிடையாகப் பிளந்து, கீழ்ப்பகுதியை இதற்கு எடுக்கிறார்கள். மீன் எண்ணெயை, குறிப்பாகக் கொட் மீனின் எண்ணெயை, தோலுக்குள் அடித்து ஏற்றிச் சூடான காற்றில் விடுவார்கள். எண்ணெய் காற்றோடு சேர்ந்து மாறும்போது தோலுக்குள்ளேயே வெப்பம் கிளம்பும், அங்கேயும் ஆல்டிஹைட்தான் பிறக்கிறது, அதுவே நார்களைப் பிணைக்கிறது. புகை வெளியிலிருந்து செய்யும் காரியத்தை இங்கே எண்ணெய் உள்ளிருந்து செய்கிறது. அந்த மஞ்சள் நிறமும் இலேசான மீன் வாடையும் இதனால் வருபவை.

ஊரில் இருந்து ஒருவர் தேங்காய் எண்ணெயில் இதைச் செய்யலாமா என்று கேட்டார். முடியாது. மீன் எண்ணெய் வேலை செய்வது அது காற்றில் இலகுவாக மாறக்கூடிய நிறைவுறா கொழுப்பு என்பதால். தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு, அது காற்றோடு சேராமல் அப்படியே கிடக்கும். தோல் கொஞ்ச நாள் வழவழப்பாக இருந்துவிட்டுப் பிறகு சிக்குப் பிடிக்கும். இதையே இன்னொரு இடத்திலும் சொல்ல வேண்டும்: எங்கள் வீடுகளில் தோல் சாமான் எதுவாக இருந்தாலும் தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கம் இருக்கிறது. நார்ப்பரப்புள்ள தோலில் தயவுசெய்து தடவாதீர்கள். அந்தக் கறை போகாது, இந்தப் புழுக்கத்தில் பூஞ்சணம் முதலில் பிடிப்பதும் அந்த இடத்தில்தான்.

உண்மையான ஷாமித் துண்டு தன் எடையைப்போல் சில மடங்கு நீரை உறிஞ்சும், பிழிந்தால் விட்டுவிடும், கண்ணாடியில் கோடு விழாது. தங்கப் பொருட்களுக்கு மெருகேற்றவும் நல்லது. செட்டியார் தெருவில் வேலை செய்கிற யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், நல்ல தோல் துண்டுக்கும் சாதாரணத் துணிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கையிலேயே காட்டுவார்கள். ஒரு காலத்தில் பெற்றோலை இந்தத் தோலால் வடித்துத்தான் விமானத்துக்கு ஊற்றினார்கள், எண்ணெயில் நனைந்த ஷாமி பெற்றோலை விட்டு நீரை மறித்துவிடும் என்பதால். உங்கள் துண்டு எந்த வகை என்று பார்க்க, நன்றாகக் காயவிட்டுத் தடவுங்கள். செயற்கையானது அட்டையாக விறைத்து, கசக்கினாலும் அப்படியே இருக்கும், நனைத்தால்தான் மெதுமையாகும். தோலும் காய்ந்தால் கொஞ்சம் விறைக்கும், ஆனால் கையில் வைத்துத் தேய்த்தால் இளகும்.

இதே மீன் எண்ணெய் முறையை மான்தோலிலும் செய்கிறார்கள், அதுதான் எனக்குப் பிடித்த வகை. தெற்கு ஜெர்மனியிலும் ஒஸ்திரியாவிலும் போடும் லேடர்ஹோசன் என்ற முழங்கால்வரை உள்ள தோல் காற்சட்டையை நீங்கள் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். அதில் உயர்ந்த ரகம் செம்மான் தோலை மீன் எண்ணெயில் மாதக்கணக்காகப் பதப்படுத்தித் தைப்பது. சாயத்தைத் தோலுக்குள் ஊறவிடாமல் மேலே தூரிகையால் மட்டும் பூசுவதால் உள்பக்கம் வெளிர் நிறத்திலேயே இருக்கும். போடப் போட உடம்புக்கு அமையும், அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகும். மலிவான ரகங்கள் ஆட்டுத்தோலிலும் மாட்டு ஸ்வேட்டிலும் வருகின்றன. ஜெர்மனியில் உறவினர் இருந்தால் வாங்கும் முன் உட்பக்க நிறத்தைப் பார்த்துவிட்டு வாங்கச் சொல்லுங்கள்.

ஜப்பானிலும் மான்தோலுக்குப் பெரிய மரியாதை. வில்வித்தைக் கையுறையும் கெண்டோ என்ற வாள்வித்தையின் கையுறை உள்ளங்கையும் மான்தோலில்தான் வழமையாகத் தைக்கிறார்கள். கோஃபு நகரத்தில் மான்தோலின்மேல் அரக்குப் பூச்சால் புள்ளி வைத்ததுபோல் கோலம் போட்டுப் பைகள் செய்கிறார்கள், அந்தக் கைவேலைக்கு இன்டென் என்று பெயர். 17-ஆம் நூற்றாண்டில் ஜப்பானுக்கான மான்தோல் தைவானிலிருந்தும் சீயம் என்ற இன்றைய தாய்லாந்திலிருந்தும் கப்பல் கப்பலாகப் போனது, ஏற்றியது 1656-இல் கொழும்பைப் பிடித்த அதே ஒல்லாந்தக் கொம்பனி.

இனி மிச்சப் பெயர்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். டோஸ்கின் என்று ஐரோப்பியக் கடைகளில் விற்கும் மென்கையுறை முன்பு பெண்மான் தோலாக இருந்தது, இன்று மேற்படலம் நீக்கிய செம்மறி அல்லது ஆட்டுக்குட்டி. அதே பெயரில் ஒரு கம்பளித் துணியும் உண்டு, கோட்டுத் துணி வாங்கும்போது குழம்ப வேண்டாம். ஸ்வேட் என்பது எந்த மிருகத்திலும் சதைப்பக்கத்தைத் தேய்த்து நாராக்கியது. நுபக் என்பது முடிப்பக்கத்தை மிக இலேசாகத் தேய்த்தது, பெரும்பாலும் மாடு, மேற்படலம் இன்னும் இருப்பதால் ஸ்வேட்டைவிட நெருக்கமாக, உறுதியாக இருக்கும், பக்ஸ்கினின் தோற்றத்துக்காகவே உருவான ரகம். வெள்ளவத்தைக் கடைக்காரர் காட்டியது இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். எல்க் என்று எழுதியிருந்தால் கொஞ்சம் கவனம் தேவை. அமெரிக்காவில் அது ஒரு பெரிய மான், ஐரோப்பாவில் அதே சொல் மூஸைக் குறிக்கும், பழைய சப்பாத்து வியாபாரத்திலோ மென்மையாகப் பதனிட்ட மாட்டுத்தோலுக்கே அந்தப் பெயரை வைத்திருந்தார்கள். படிகாரத்தில் பதப்படுத்திய வெள்ளைத் தோல் என்று ஒன்றும் இருக்கிறது, பழைய ஐரோப்பியப் புத்தகக் கட்டுகளில் காணலாம், பார்க்க அழகு, நீர் பட்டால் படிகாரம் கரைந்து போய் வெறும் தோலாகிவிடும். மரப்பட்டையில் பதனிட்ட மான்தோலும் உண்டு. இங்கேயும் தமிழ்நாட்டிலும் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் பாவித்துத் தோல் பதனிட்டது எல்லோருக்கும் தெரிந்த விஷயம், நாங்கள் ரணவரா என்று தேநீராகக் குடிக்கிறோமே, அந்த ஆவாரைதான். ஆனால் பட்டை முறை தோலை நிரப்பிக் கெட்டியாக்கும், மானுடைய மெதுமை அதில் பாதி போய்விடும். இடைவாருக்கும் பைக்கும் மாட்டுத்தோலில் அந்த முறை நல்லது.

எங்கள் ஆட்களுக்கு மான்தோல் என்றால் இன்னொன்று நினைவுக்கு வரும், தியானத்துக்கு விரிக்கும் முடியோடு கூடிய தோல். அது வேறு சங்கதி, அதில் மெதுமைக்கான வேலை எதுவும் நடப்பதில்லை, பழைய வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் உப்பிட்டுக் காயவைத்தவை. இதைச் சாட்டாக வைத்து ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. யாராவது வன்னியிலிருந்து புள்ளிமான் தோல் இருக்கிறது, மரைத் தோல் இருக்கிறது, மலிவாகத் தரலாம் என்று வந்தால் வாங்காதீர்கள். 1937-ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இவை இரண்டும் பாதுகாக்கப்பட்ட மிருகங்கள், வேட்டையாடுவதும் குற்றம், தோலை விற்பதும் குற்றம். சட்டத்தை விடுங்கள், திருகோணமலைக் கோட்டைக்குள் கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் மனிதருக்குப் பயப்படாமல் நின்று பார்க்கும் அந்த மான்களை நேரில் கண்டவர்களுக்கு அப்படிப்பட்ட தோலில் கைவைக்க மனம் வராது. என்னிடம் அப்படி ஒரு தோல் வந்தால் நான் ஊசி எடுப்பதில்லை. தைப்பதற்கு மான்தோல் வேண்டுமென்றால் வெளிநாட்டுப் பண்ணைத் தோலைப் பற்றுச்சீட்டோடு எடுப்பிக்கலாம், அது கட்டுப்படியாகாவிட்டால் நல்ல ஆட்டுத்தோல் எடுங்கள், மானைவிடக் கொஞ்சம் குறைவாக நீளும், உறுதியில் குறையாது.

இப்போது மழை. மொக்கசின் புகையிட்ட பக்ஸ்கின் என்று மேலே சொன்ன சோதனைகளில் தெரிந்தால், நனைந்ததற்காகப் பயப்பட வேண்டாம். ஆனால் வெயிலிலும் ஹெயார் டிரையரிலும் காட்ட வேண்டாம். உள்ளே கடதாசி திணித்து மின்விசிறிக் காற்றில் விட்டு, முக்கால்வாசி காய்ந்த நிலையில் கையால் இழுத்துக் கசக்குங்கள், முழுசாகக் காய்ந்த பின் செய்தால் இரட்டிப்பு வேலை. அழுக்கானால் குளிர்ந்த நீரும் மென்சவர்க்காரமும் போதும், ஷாமிக்கும் அதே. ஷாமியை அலசும்போது சவர்க்காரத்தை முழுக்கப் போக்கிவிடாமல் கொஞ்சம் விட்டுவிடுங்கள், அது தோலை இளக்கமாக வைத்திருக்கும். வெந்நீர் இரண்டுக்கும் கூடாது. குரோம் மான்தோல் கையுறையோ பையோ என்றால் துடைத்து நிழலில் காயவிட்டால் முடிந்தது. மாட்டு ஸ்வேட்டையும் நுபக்கையும் நனைந்திருக்கும்போது தேய்க்கவே கூடாது, காய்ந்த பிறகு ஒரு பக்கமாகத் தூரிகை போட வேண்டும். தோல் வெள்ளையாகவும் புகை மணம் இல்லாமலும் இருந்தால், அது என்னவென்று நிச்சயமாகத் தெரியும்வரை நீரைக் காட்டாதீர்கள்.

கொழும்பில் மழையைவிடப் பெரிய எதிரி அலுமாரி. கடலோரக் காற்றின் ஈரத்தோடு மூடிய கதவுக்குள், அதுவும் பிளாஸ்டிக் பைக்குள் சுற்றி வைத்தால், எந்தத் தோலானாலும் அடுத்த முறை திறக்கும்போது வெள்ளைப் பூஞ்சணத்தோடுதான் கிடைக்கும். குரோம் தோல் கொஞ்சம் தாக்குப் பிடிக்கும், எண்ணெயும் மூளையும் ஏறிய தோல்களைப் பூஞ்சணம் சுலபமாகப் பிடிக்கும். பழைய பருத்தித் தலையணை உறையில் போட்டு வையுங்கள், கிழமைக்கு ஒருக்கால் வெளியே எடுத்துக் காற்றாட விடுங்கள், போட்டு நடக்கிற சாமான் என்றால் போட்டு நடவுங்கள். பூஞ்சணம் வந்துவிட்டால் வீட்டுக்குள் தட்டாமல் வெளியே கொண்டுபோய்த் தூரிகையால் துடைத்து, நிழலில் நல்ல காற்றில் ஒரு நாள் விடுங்கள்.

அந்த மொக்கசினின் தையல் எங்காவது விட்டிருந்தால், தெருவோரத்தில் கொடுத்துத் தடித்த ஊசியால் தைக்க விடாதீர்கள். மெல்லிய மான்தோலுக்கு மூன்று விளிம்புள்ள கையுறை ஊசி வேண்டும், அது நாரை வெட்டிக்கொண்டு சின்னத் துளையோடு போகும். உருண்டை ஊசியைப் பலவந்தமாகத் தள்ளினால் தோல் இழுபட்டுச் சுருங்கும். அடிப்பாகம் தேய்ந்து புதுத்துண்டு வைக்க வேண்டிவந்தால், தோலின் முதுகெலும்பு ஓடிய திசை பாதத்தின் நீளத்துக்கு வருமாறு வெட்டச் சொல்லுங்கள். அந்தத் திசையில் மான்தோல் குறைவாக நீளும், குறுக்கே கூடுதலாக நீளும். மாற்றி வெட்டினால் கொஞ்ச நாளில் சப்பாத்து ஒரு அளவு பெரிதாகிக் காலை விட்டுக் கழன்று விழும்.